ஆத்துல மிதந்து வர்ற ஐஸும் அதை எதிர்த்து நிக்கிற தூண்களும் – நயாகரால இருந்து கியூபெக் வரைக்கும்

மார்ச் 14, வெள்ளி – நயாகரா

நான் திருச்சில ஒரு கன்சல்டன்சி ஆபீஸ்ல பாலம் டிசைன் பண்றேன். கனடாவுல டொரண்டோவோட ஸ்கார்பரோல இருக்கிற அக்கா ரெண்டு வருஷமா வாடி வாடின்னு கூப்ட்டுக்கிட்டே இருந்தா, நான் தான் மார்ச்ல வர்றேன்னு சொன்னேன், ஏன்னா ஆத்துல ஐஸ் உடைஞ்சு கிளம்புறது மார்ச் ஏப்ரல்ல தான். எல்லாரும் ஜூன்ல வருவாங்க இவ என்ன இந்தக் குளிர்லன்னு மாமாவுக்கு ஒரே ஆச்சரியம், ஆனா விஷயத்தைச் சொன்னதும் அவரே லீவு போட்டுட்டு கார் எடுத்துட்டாரு.

ஃபால்ஸைப் பத்தி நான் புதுசா சொல்ல ஒண்ணும் இல்ல, பாத்தவங்க எல்லாரும் எழுதிட்டாங்க. சாரல் அடிச்சு அடிச்சு கைப்பிடிக் கம்பி, விளக்குக் கம்பம், மரம்னு எல்லாத்து மேலயும் ஒரு இஞ்சுக்கு ஐஸ் ஏறியிருந்துச்சு. காத்து மூஞ்சில பட்டா எரியுது. பார்க்கிங் 30 டாலர், அதைப் பாத்துட்டு அக்கா ரெண்டாயிரம் ரூபாடின்னு மனசு கேக்காம சொல்லிக்கிட்டே வந்தா.

எனக்குப் பாக்க வேண்டியிருந்தது ஃபால்ஸுக்குக் கீழ இருக்கிற ஆறு. ரெயின்போ பிரிட்ஜ் பக்கமா நடந்தோம். இப்ப இருக்கிற இந்தப் பாலத்துக்குக் கொஞ்சம் மேல, ஃபால்ஸுக்கு இன்னும் பக்கத்துல, 1898ல கட்டின ஒரு ஸ்டீல் ஆர்ச் பாலம் இருந்துச்சு, ஹனிமூன் பிரிட்ஜ்னு ஊர்ல கூப்டுவாங்க. அதோட ஆர்ச்சுக் கால் ரெண்டும் தண்ணி மட்டத்துக்குப் பக்கத்துலயே உக்காந்திருந்துச்சு. கட்டின மறு வருஷமே, 1899 ஜனவரில, ஐஸ் வந்து மோதி ஆபத்தாயிருச்சு, அதுக்கப்புறம் கால்களைச் சுத்தி சுவர் எழுப்புனாங்க. நாப்பது வருஷம் ஓடிருச்சு. 1938 ஜனவரி கடைசில ஈரி ஏரி மேல பெரிய காத்து அடிச்சு, ஏரில கிடந்த ஐஸ் மொத்தமும் ஆத்துல இறங்கி ஃபால்ஸ் வழியா விழுந்து, கீழ இருக்கிற பள்ளத்தாக்குல அடைச்சுக்கிச்சு. பாலத்தோட கால் பக்கம் 15 மீட்டர் உயரத்துக்குக் குவிஞ்சுது. அந்த அழுத்தத்துல ஆர்ச்சோட அடி நகர்ந்து, ஜனவரி 27 சாயங்காலம் பாலம் அப்படியே ஐஸ் மேல படுத்துருச்சு. முன்னாடியே மூடிட்டதால யாரும் சாகல. ஏப்ரல் வரைக்கும் அந்த இரும்பு ஐஸ் மேலயே கிடந்துட்டு, ஐஸ் உருகினப்ப தான் தண்ணில போச்சு.

அந்த ஆர்ச்சு தாங்க வேண்டிய பாரத்தைக் கடைசி வரைக்கும் தாங்கிக்கிட்டு தான் இருந்துச்சு. மேல வண்டிக்கு, காத்துக்கு, சொந்த எடைக்கு எல்லாத்துக்கும் கணக்கு பண்ணியாச்சு, பக்கவாட்டுல ஆறே தள்ளிக்கிட்டு வரும்போது கால் எங்க நிக்கணும்ங்கிறதுல தான் விஷயம் விட்டுப் போச்சு. 1941ல திறந்த ரெயின்போ பிரிட்ஜைப் பாத்தீங்கன்னா அதோட கால் ரெண்டும் தண்ணிக்கு ரொம்ப மேல, பாறைச் சுவத்துல உக்காந்திருக்கும். நான் அந்த இடத்தையே முக்கால் மணி நேரம் பாத்துக்கிட்டு நின்னேன்.

1964ல இருந்து ஈரி ஏரி ஆறா மாறுற வாய்லயே, பஃபலோ பக்கத்துல, ஒரு மிதக்குற வேலி போடுறாங்க. 2.7 கிலோமீட்டர் நீளம், இரும்பு மிதவைகளை இரும்பு வடத்துல கோத்து விட்டுருவாங்க. ஏரித் தண்ணி 4 டிகிரிக்கு இறங்கினதும், இல்லைன்னா டிசம்பர் 16 வந்ததும் போட ஆரம்பிக்கிறது. கரண்டு எடுக்கிற தண்ணி வாய்கள் அடைக்காம இருக்கிறதுக்குத் தான் முக்கியமா அது, ஆனா ஆத்துக்குள்ள இறங்குற ஐஸே குறையும்.

திரும்புற வழில ஒரு சின்ன கடைல தக்காளி சூப்பும் ரொட்டியும், ஆளுக்கு 11 டாலர். அந்தம்மா என் கையைப் பாத்துட்டு, கேக்காமலேயே ஒரு கப் சுடுதண்ணி கொண்டு வந்து வச்சுட்டுப் போனாங்க, பில்லுல அது இல்ல.

மார்ச் 15, சனி – ரோடு

மாண்ட்ரியலுக்கு 540 கிலோமீட்டர், நாள் முழுக்க கார். ரோட்டுல உப்பு போட்டு வச்சிருக்காங்க, முன்னாடி போற லாரி தெளிக்கிற உப்புத் தண்ணி கண்ணாடில பட்டு வெள்ளையா காஞ்சு போகுது, அதைக் கழுவலாம்னு மாமா வாஷரை அழுத்தினா தெளிச்ச தண்ணி கண்ணாடி மேலயே உறைஞ்சுருச்சு. கடைசியா சர்வீஸ் பண்ணின கராஜ்ல கோடைக்காலத் தண்ணியை ஊத்தி வச்சிருக்காங்க போல. நூறு கிலோமீட்டர் வேகத்துல ரெண்டு மூணு செகண்டு ஒண்ணுமே தெரியல, அக்கா ‘முருகா’ன்னு சத்தம் போட்டுட்டா. ஓரமா ஒதுங்கி, கார்டு வச்சுச் சுரண்டி, அடுத்த பெட்ரோல் பங்க்ல குளிர்காலத் தண்ணி கேன் வாங்கி ஊத்துற வரைக்கும் மனசு படபடன்னே இருந்துச்சு.

கிங்ஸ்டன்ல மதியம், பேசும்படியா ஒண்ணும் இல்ல. ராத்திரி ஒம்பது மணிக்கு மாண்ட்ரியல் கோட்-டெ-நேஜ் பக்கத்துல ஒரு இலங்கைத் தமிழர் கடைல கொத்து ரொட்டி, ஒரு பிளேட் 14 டாலர், ரெண்டு பேர் சாப்பிடலாம். கடைக்காரர் நாங்க பேசுறதைக் கேட்டுட்டு "திருச்சியோ, மலைக்கோட்டைக்கு நாங்களும் வந்திருக்கிறம்"ன்னு சொல்லி ஒரு சம்பல் கூட வச்சாரு. முப்பது வருஷமா இங்க இருக்கேன், குளிர் மட்டும் இன்னும் பழகலன்னாரு. ஐஸ் பாக்க வந்தோம்னு சொன்னதும் சிரிக்கல, எங்க போய் நின்னா ஆறு நல்லாத் தெரியும்னு பேப்பர்ல வரைஞ்சே குடுத்தாரு.

மார்ச் 16, ஞாயிறு – மாண்ட்ரியல்

காலைல தூறல். டவுன்டவுன்ல பாதி ரோடு அடைப்பு, ஐரிஷ்காரங்களோட செயின்ட் பேட்ரிக்ஸ் ஊர்வலம். 1824ல இருந்து நடக்குதாம், கைக்குழந்தைல இருந்து பாட்டி வரைக்கும் பச்சை டிரஸ். போலீஸ்காரர் ஒருத்தர் பொறுமையா, முதல்ல பிரெஞ்சுல அப்புறம் இங்கிலீஷ்ல, சுத்துவழி சொன்னாரு.

அந்த ஐரிஷ்காரங்களுக்கும் நான் பாக்க வந்த பாலத்துக்கும் தொடர்பு இருக்கு. செயின்ட் லாரன்ஸ் ஆத்து மேல இருக்கிற விக்டோரியா பிரிட்ஜுக்குப் போற ரோட்டு நடுவுல ஒரு பெரிய கருங்கல் நிக்குது, பிளாக் ராக்னு பேரு. 1847ல பஞ்சத்துக்குத் தப்பிச்சுக் கப்பல்ல வந்து, டைஃபஸ் காய்ச்சல்ல இந்தக் கரையிலேயே செத்துப்போன ஆறாயிரம் ஐரிஷ்காரங்களைப் புதைச்ச இடம் அது. பாலம் கட்ட வந்த தொழிலாளிங்க தோண்டும்போது எலும்பைப் பாத்துட்டு, அந்த இடம் கலையக்கூடாதுன்னு ஆத்துல இருந்து எடுத்த கல்லை 1859ல அங்க நட்டு வச்சிருக்காங்க. ரெண்டு பக்கமும் லாரி போய்க்கிட்டே இருக்கு. அக்கா செருப்பைக் கழட்டிக் கும்பிடலாம்னு பாத்தா, அந்தக் குளிர்ல முடியாது, ஷூவோடயே கண்ணை மூடி நின்னா.

மத்தியானம் நன்ஸ் ஐலண்டோட வடக்கு முனைக்குப் போனோம், கொத்து ரொட்டிக் கடைக்காரர் வரைஞ்சு குடுத்த இடம் அதுதான். இங்க இருந்து பாலத்தோட மேல்பக்கம், அதாவது தண்ணி வர்ற பக்கம், தெரியும். அதைத்தான் பாக்கணும், கீழ்ப்பக்கம் இருந்து போட்டோ எடுத்தா இது ஏதோ சாதாரண கல்தூண் பாலம்னு தான் தோணும்.

இருபத்துநாலு தூண். ஒவ்வொண்ணுக்கும் ஆறு வர்ற பக்கம் ஒரு கல் மூக்கு, அது செங்குத்தா இல்ல, சாய்வா தண்ணிக்குள்ள இறங்குது. 1859 டிசம்பர்ல ரயில் ஓட ஆரம்பிச்ச பாலம். மேல முதல்ல இரும்புக் குழாய் மாதிரி ஒரு அமைப்பு, அதுக்குள்ள தான் ரயில் போகும், 1898 வாக்குல அதைக் கழட்டிட்டு இப்ப இருக்கிற டிரஸ், அதாவது முக்கோணம் முக்கோணமா கோத்த இரும்புச் சட்டம், போட்டாங்க, தூணை மாத்தல. அதே தூண் மேல இன்னைக்கும் ரயிலும் காரும் ஓடுது. டிசைன்ல பேர் வாங்கினவர் இங்கிலாந்து எஞ்சினியர் ராபர்ட் ஸ்டீபன்சன், திறக்கிறதுக்கு ரெண்டு மாசம் முன்னாடியே அவர் செத்துட்டாரு. ஆனா ஐஸுக்குத் தகுந்த மாதிரி தூண் வேணும்னு முதல்ல திட்டம் போட்டுக் குடுத்தவர்ல உள்ளூர் எஞ்சினியர் தாமஸ் கீஃபர் முக்கியமானவர், இந்த ஆத்தைப் பல குளிர்காலம் பாத்த மனுஷன். அவர் பேரை இன்னும் சத்தமாச் சொல்லணும்னு நான் நெனைக்கிறேன்.

ஒரு மணி நேரம் ஒண்ணும் பெருசா வரல, சின்னச் சின்ன தட்டு தான். அப்புறம் மேல எங்கயோ பிடிச்சிருந்த ஒரு பெரிய ஐஸ் பலகை, ஒரு பேட்மிண்டன் கோர்ட் அகலம் இருக்கும், மெதுவா சுத்திக்கிட்டே வந்து ஒரு தூணோட மூக்குல ஏறுச்சு. மோதுச்சுன்னு சொல்ல முடியாது, ஏறுச்சு. முன்பக்கம் சாய்வுல வழுக்கி மேல தூக்குச்சு, கொஞ்ச நேரம் அப்படியே நின்னுச்சு, நடுவுல ஒரு கோடு விழுந்துச்சு, ரெண்டா உடைஞ்சு தூணோட ரெண்டு பக்கமும் பிரிஞ்சு போயிருச்சு. சத்தம் கொஞ்ச நேரம் கழிச்சு தான் எங்க கிட்ட வந்துச்சு. மாமா "என்னம்மா, கல்லு ஒண்ணுமே பண்ணல, ஐஸு தானா உடையுது!"ன்னாரு.

அது தான் சூட்சுமம். எங்க ஆபீஸ்ல தண்ணி ஓட்டத்துக்குத் தூண் மேல வர்ற அழுத்தம் கணக்கு பண்றது ஐஆர்சி (இந்திய ரோடு காங்கிரஸ்) விதிப் புத்தகத்துல இருக்கிற 52 × கே × வி ஸ்கொயர் ஃபார்முலா, வி தண்ணி வேகம், கே தூணோட வடிவத்துக்கான எண். வட்ட மூக்கு தூணுக்கு கே 0.66. தண்ணி செகண்டுக்கு 3 மீட்டர் ஓடினா சதுர மீட்டருக்கு 300 கிலோ சொச்சம் வரும். இங்க வட அமெரிக்காவுல ஐஸ் நசுங்குற பலத்தை, அது எவ்வளவு கெட்டியா இருக்கும்போது கிளம்புதுங்கிறதைப் பொறுத்து 400 கிலோபாஸ்கல்ல இருந்து 1500 வரைக்கும் எடுக்கிறாங்க. நடுவுல 1100ன்னு வச்சாலே சதுர மீட்டருக்கு 110 டன். மூணு மீட்டர் அகலத் தூண், அரை மீட்டருக்குக் கொஞ்சம் மேல, 60 சென்டிமீட்டர் ஐஸ்னா, ஒரே மோதலுக்கு 200 டன் கிட்ட, அதுவும் படுக்கை வாட்டுல. செங்குத்தான தூண்னா ஐஸ் நசுங்கித் தான் வழிவிடணும், அந்த 200 டன்னைத் தூண் வாங்கியே ஆகணும். மூக்கைச் சாய்ச்சு வச்சா ஐஸ் மேல ஏறி, தன்னோட எடையாலயே வளைஞ்சு உடையுது. ஐஸ் அப்பளம் மாதிரி, அழுத்தினா தாங்கும், வளைச்சா படக்குன்னு போயிரும். வளைச்சு உடைக்க ஆகுற விசை ரொம்பக் கம்மி. அதுக்காக லேசா சாய்ச்சாப் போதாது, செங்குத்துல இருந்து 15 டிகிரிக்கு மேல சாஞ்சா தான் இங்கத்த விதிப் புத்தகத்துலயே அந்தக் கணக்கை ஒத்துக்குறாங்க. தூணைக் குண்டாக்குறதை விட மூக்கைச் சாய்க்கிறது எவ்வளவு மேல்னு நான் பேப்பர்ல படிச்சிருக்கேன், கண்ணால பாத்தது இன்னைக்குத் தான்.

நாய் கூட்டிக்கிட்டு வந்த ஒரு பெரியவர் பக்கத்துல வந்து நின்னாரு. நாங்க போட்டோ எடுக்கிறதைப் பாத்துட்டு, சின்னப் பையனா இருந்தப்ப இங்க ஐஸ் இன்னும் நிறைய வரும், கரை மேலயே ஏறி மரத்தை எல்லாம் சாய்க்கும்னு கையை விரிச்சுக் காட்டினாரு. போகும்போது அக்கா கிட்ட, அந்தப் பக்கம் வழுக்கும், இந்தப் பக்கம் மண்ணு போட்டிருக்கு, இப்படிப் போங்கன்னு சொல்லிட்டு, நாங்க பத்திரமா ஏறுற வரைக்கும் நின்னு பாத்துட்டுத் தான் போனாரு.

ராத்திரி பூட்டின். உருளைக்கிழங்கு வறுவல், சீஸ் கட்டி, மேல சூடான கிரேவி. 13 டாலர். அக்கா கிரேவில மாட்டு எலும்பு இருக்கும்னு தொடல, சைவ கிரேவி கேட்டு வாங்கினோம், அதுவும் நல்லாத் தான் இருந்துச்சு.

மார்ச் 17, திங்கள் – மாண்ட்ரியல், மறுபடி ஆறு

வெயில், ஆனா மைனஸ் 6. அதே தீவோட இன்னொரு கரைல இருந்து எஸ்டகாட் பாத்தோம். 1964-65ல ஆத்துக்குக் குறுக்கே கட்டின ரெண்டு கிலோமீட்டர் ஐஸ் தடுப்பு, வண்டி போற பாலம் கிடையாது. எக்ஸ்போ 67 கண்காட்சிக்காக ஆத்துக்குள்ள தீவு கட்டினாங்க, ஆறு குறுகினதால ஐஸ் அடைச்சுக்கும்னு பயந்து இதைக் கட்டி, ஐஸை மேலயே பிடிச்சு வச்சு, கொஞ்சம் கொஞ்சமா விடுறதுக்கு ஏற்பாடு. பக்கத்துலயே சாம்ப்ளேன் பாலம். 1962ல கட்டின பழைய சாம்ப்ளேன் உப்புல அரிச்சுப் போய் இடிச்சுட்டாங்க, புதுசு 2019ல திறந்தது, நடுவுல ஆர்இஎம்ங்கிற நகர ரயிலும் போகுது. இந்த ஊர்ல பாலத்துக்கு ஐஸ் ஒரு எதிரின்னா ஐஸுக்காக ரோட்டுல கொட்டுற உப்பு அதை விடப் பெரிய எதிரியா இருக்கு.

தூண்ல மோதுற பலகை மட்டும் தான் பிரச்னைன்னு நெனைச்சுடக் கூடாது. மேல லாசின் ரேப்பிட்ஸ்னு ஒரு இடம், தண்ணி பாறைல விழுந்து புரண்டு ஓடும், அங்க மேல ஐஸ் மூடவே மூடாது. குளிர் ராத்திரில அந்தத் தண்ணி சைபருக்கும் ஒரு துளி கீழ போயி, தண்ணிக்குள்ளயே சின்னச் சின்ன ஐஸ் துகளா மாறும், ஃப்ரேசில்னு சொல்றாங்க. அது எதைத் தொட்டாலும் ஒட்டும். கீழ ஓடி வந்து, மூடியிருக்கிற ஐஸுக்கு அடியில போய் தொங்கித் தொங்கிச் சேரும். தண்ணி போற வழி சுருங்குது, சுருங்கினா வேகம் கூடுது, வேகம் கூடினா தூணோட அடி மண்ணை அரிக்குது. மண்ணரிப்பு என்ன பண்ணும்னு எனக்கு யாரும் சொல்ல வேண்டாம், 2018 ஆகஸ்ட் வெள்ளத்துல எங்க ஊர் பழைய கொள்ளிடம் இரும்புப் பாலத்துத் தூண் சாஞ்சதைக் கரைல நின்னு பாத்தவ நான். அங்க காவேரித் தண்ணி, இங்க ஐஸுக்கு அடியில ஓடுற தண்ணி, ஆனா தூணைச் சாய்க்கிற வேலை ஆத்தடில தான் நடக்குது, மேல இருந்து பாத்தா ஒண்ணும் தெரியாது. பாலத்தைப் பாக்கப் போற இன்ஸ்பெக்டர் யாரா இருந்தாலும் முதல்ல கீழ பாக்கணும்னு நான் ஆபீஸ்ல சண்டையே போட்டிருக்கேன்.

திரும்பும்போது கார் ஓரத்துப் பனில சிக்கிக்கிச்சு. சக்கரம் சுத்துது, வண்டி நகரல. மாமா இறங்கி யோசிக்கிறதுக்குள்ள ரோட்டுல போன ஒரு பையனும் ஒரு அம்மாவும் வந்து, ஒரு வார்த்தை கேக்காம, கையை பின்பக்கம் வச்சுத் தள்ள ஆரம்பிச்சாங்க. அந்த அம்மா கைல மளிகைப் பை வேற, அதைக் கீழ வச்சுட்டுத் தள்ளினாங்க. வண்டி வெளிய வந்ததும் ‘பொன் ஜூர்னே’ன்னு சொல்லிட்டுப் போயிட்டாங்க. நாங்க மெர்சி சொல்லி முடிக்கிறதுக்குள்ள தெரு முனை தாண்டிட்டாங்க.

மார்ச் 18, செவ்வாய் – கியூபெக் போற வழி

மேப்பிள் சீசன். வழில ஒரு சுகர் ஷேக்ல நின்னோம். மரத்துல இருந்து இறக்கின தண்ணியைப் பெரிய தட்டுல காய்ச்சுறாங்க, கொட்டகை முழுக்க ஆவி, நம்ம ஊர்ல கரும்புப் பால் காய்ச்சுற இடத்து வாசனைக்கு ரொம்பத் தூரம் இல்ல. பாகைச் சுத்தமான பனி மேல கோடா ஊத்தி, அது இறுகினதும் குச்சில சுத்திக் குடுக்கிறாங்க, ஒரு குச்சி 3 டாலர். பட்டாணி சூப்புல பன்னிக்கறி போட்டிருக்கும்னு அந்தப் பொண்ணு முன்னாடியே சொல்லிட்டா, நாங்க கேக்கக் கூட இல்ல. பகல் வெயில், ராத்திரி உறையுறதுன்னு மாறி மாறி வந்தா தான் மரத்துல தண்ணி ஓடுமாம். ஆத்துல ஐஸ் இளகுறதும் இந்த மாதிரி நாள்கள்ல தான்.

மார்ச் 19, புதன் – கியூபெக் நகரம்

இங்கயும் அதே செயின்ட் லாரன்ஸ் ஆறு தான். எதிர்க்கரைல இருக்கிற லெவி ஊருக்குப் போற ஃபெரி, ஒரு தடவைக்கு நாலு டாலர் கிட்ட, பத்துப் பன்னிரண்டு நிமிஷம். இந்தப் பயணத்துல குடுத்த காசுக்கு இது தான் பெரிசு. படகு ஐஸை உடைச்சுக்கிட்டே போகுது, அடித்தட்டுல அது உரசுற சத்தம் காலு வழியா ஏறுது. வேலைக்குப் போறவங்க போனைப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்காங்க, நான் மட்டும் வெளிய கம்பியைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். டெக்குல வேலை பாத்த ஒருத்தர் தொப்பியை இன்னும் கீழ இறக்குங்க காது போயிரும்னு சைகைல சொன்னாரு.

பாலம் வர்றதுக்கு முன்னாடி குளிர்காலத்துல இங்க மரப் படகைத் தண்ணில தள்ளி, ஐஸ் வந்தா இறங்கி இழுத்து, மறுபடி ஏறித் துடுப்புப் போட்டுத் தான் கடப்பாங்க, இப்ப அது பிப்ரவரித் திருவிழால பந்தயமா நடக்குது. சில வருஷம் ஆறு முழுசா உறைஞ்சா ஸ்லெட்ஜ் வண்டியே ஓடுமாம், வழி தெரிய ஐஸ்ல மரக்கிளையை நட்டு வச்சு.

இங்க கடல் அலையோட ஏத்த இறக்கம் வருது. ஐஸ் கீழ போகும், ஆறு மணி நேரம் கழிச்சு மேல திரும்பி வரும், ஒரே பலகை ஒரே தூண்ல ரெண்டு பக்கத்துல இருந்தும் உரசலாம். இன்னொண்ணு, தூணைச் சுத்தி ஐஸ் ஒட்டி உறைஞ்சிருக்கும்போது தண்ணி மட்டம் ஏறினா, அது தூணைப் பிடிச்சு மேல இழுக்கும், இறங்கினா கீழ தொங்கும். பக்கவாட்டுல தள்ளுறதோட இதுவும் சேரும். மாண்ட்ரியல் தூணை அப்படியே கொண்டு வந்து இங்க வைக்க முடியாது.

மத்தியானம் கியூபெக் பாலம். பஸ் ஸ்டாப்ல இருந்து இறங்கி நடந்தோம், காத்துல கண்ல தண்ணி. நடு ஸ்பான், அதாவது ரெண்டு தூணுக்கு நடுவுல இருக்கிற தூரம், 549 மீட்டர், 1917ல திறந்தது, ரெண்டு தூண்ல இருந்தும் கை நீட்டுற மாதிரி கட்டுற கேன்டிலீவர் வகைல இன்னைக்கும் உலகத்துலயே நீளம் இது தான். கட்டும்போது 1907ல ஒரு தடவை விழுந்து 75 பேர் செத்தாங்க, 1916ல நடுப்பகுதியைத் தூக்கும்போது விழுந்து 13 பேர். அந்த விபத்துக்கும் ஐஸுக்கும் சம்பந்தம் இல்ல, 1907ல பாலத்தோட சொந்த எடையைக் கம்மியாப் போட்டுட்டாங்க. ஆனா இவ்வளவு நீள ஸ்பானுக்கு ஏன் போனாங்கன்னா, ஆழமான, வேகமான, கப்பல் போற, குளிர்காலம் முழுக்க ஐஸ் நகர்ற அந்த நடு ஆத்துல தூணே வைக்க வேண்டாம்னு தான். பக்கத்துல இருக்கிற 1970 பியர் லாபோர்ட் தொங்கு பாலமும் அதே மாதிரி, 668 மீட்டர் ஒரே தாவு. நயாகரால காலை மேல தூக்கினாங்க, மாண்ட்ரியல்ல மூக்கைச் சாய்ச்சாங்க, இங்க காலைக் கரைப்பக்கம் இழுத்துக்கிட்டாங்க.

போறவங்களுக்கு ரெண்டு விஷயம். லெவி ஃபெரில போறதுக்கு முன்னாடி அலை நேரம் பாத்துக்கங்க, தண்ணி இறங்குற நேரத்துல போனா தான் ஐஸ் வேகமா நகர்றது தெரியும். விக்டோரியா பாலத்தைக் கட்டாயம் மேல்பக்கத்துல இருந்து பாருங்க, குறைஞ்சது ரெண்டு மணி நேரம் கைல வச்சுக்கிட்டு, பிளாஸ்க்ல டீயோட போங்க, அந்த முனைல டீக்கடை எதுவும் எங்க கண்ல படல.